உறுமன் மடவளைக்கு வந்த கதை

மழைக்குள் நின்ற அந்தப் பெண் குடையை மடக்காமலே கேட்டாள்.

"ஏங்க, என் பொஸ்தகம் உங்க வீட்டுலதான் இருக்காமே?"

நான் வாசல் நிலையில் கையை வைத்தபடி அவளைப் பார்த்தேன். குள்ளமான உருவம். வெள்ளைச் சேலையின் கரை முழுக்கச் சிவப்புச் சேறு. கையில் ஒரு தோல் பை. மடவளைச் சந்தியிலிருந்து எங்கள் வீட்டுக்கு வரும் ஒழுங்கையில் அன்றைக்குத் தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது. அதையெல்லாம் மிதித்துக்கொண்டு வந்திருக்கிறாள்.

எனக்குப் பின்னால், உள் அறையில், எட்டோ ஒன்பதோ பெண்கள் மூச்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மழையில் நிற்பவளுக்காக அல்ல. பனிமலை உறுமன் பாம்புக் கோபுரத்தின் வெளிச்சுவரில் ஒற்றைக் கையால் தொங்கிக்கொண்டிருந்தான். கீழே முதலைகள். மேலே மந்திரவாதி சர்ப்பகேதுவின் சிரிப்பு. அந்த இடத்தில்தான் கதவு தட்டப்பட்டு, நான் புத்தகத்தைக் கவிழ்த்து வைத்துவிட்டு எழுந்து வந்திருந்தேன்.

"எந்தப் புத்தகம்?" என்று கேட்டேன், தெரிந்துகொண்டே.

"அட்டை கிழிஞ்ச பொஸ்தகங்க. உறுமன் கதை."

உள்ளேயிருந்து அயல் வீட்டு ஜெய்னம்பு, "யா அல்லாஹ், வந்துட்டாளே!" என்றாள். அந்தக் குரல் வாசல் வரைக்கும் கேட்டது.

பஸ்ஸில் ஏறி வந்த வீரன்

என் கணவர் கண்டியிலிருந்து கட்டுகஸ்தோட்டை, மடவளை வழியாக வத்துகாமம் போகும் பஸ்ஸை ஓட்டினார். அந்த நாளில் பஸ்ஸில் மறந்துபோகாத பொருளே கிடையாது. குடை, மீன் பொட்டலம், பல் செட்டு, ஒருமுறை உயிருள்ள கோழி. கேட்டு வருகிறவர்களுக்குத் திருப்பிக் கொடுப்பதற்காக எல்லாவற்றையும் ஆசனத்துக்குக் கீழேயுள்ள, கருவிகள் வைக்கும் ஆயுதப் பெட்டியில் போட்டு வைப்பார்.

அந்தப் புத்தகத்தைக் கேட்டு யாரும் வரவில்லை. சில வாரங்கள் ஸ்பேனர்களோடு கிடந்து எண்ணெய் குடித்த பிறகு, "நீதானே வாசிக்கிற ஆள்" என்று என்னிடம் கொண்டுவந்து போட்டார்.

நான் வாசிக்கிற ஆள்தான். என் வாப்பா என்னைக் கட்டுகஸ்தோட்டையில் தமிழ்ப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்பியவர். மடவளைக்கு வாழ்க்கைப்பட்டு வந்தபோது, எங்கள் ஒழுங்கையில் தமிழ் எழுத்து வாசிக்கத் தெரிந்த பெண் நான் ஒருத்திதான். மற்றவர்கள் குர்ஆன் ஓதுவார்கள். சிலர் அரபு எழுத்தில் எழுதிய அரபுத் தமிழ்க் கிதாபுகளைச் சரளமாக வாசிப்பார்கள். தமிழ் எழுத்து மட்டும் அவர்களுக்குப் பழக்கமில்லை.

புத்தகத்துக்கு அட்டையும் இல்லை, பெயர்ப் பக்கமும் இல்லை. எழுதியவர் யார், எந்த ஊரில் அச்சிட்டது என்று இன்றுவரை எனக்குத் தெரியாது. ஆனால் அந்த மனிதருக்கு என் வாழ்நாள் முழுவதும் சலாம் சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

என்ன எழுத்து அது! கதையின் தொடக்கத்திலேயே உறுமன் ஓநாய்த் தோலைப் போர்த்திக்கொண்டு மலையிலிருந்து இறங்கி, ஏழு வாசல் உள்ள ஒரு நகரத்துக்குள் நுழைகிறான். காவல்காரன் தலை குனியச் சொல்கிறான். "எனக்குக் குனியத் தெரியாது, கழுத்து அப்படி" என்கிறான் உறுமன். அவ்வளவுதான், வாள்கள் வெளியே வந்துவிடுகின்றன.

மற்றக் கதைகளில் வரும் ராஜகுமாரர்கள் மாதிரி அவன் சந்தனம் பூசிக்கொள்வதில்லை. மூக்கு உடைந்தவன். பச்சை இறைச்சி தின்பவன். மாயம், மந்திரம் என்றால் எல்லோரும் காலில் விழும்போது, இவன் மட்டும் மந்திரவாதியின் தாடியைப் பிடித்து இழுத்துப் பார்க்கிறவன். சண்டை வந்தால் எழுதியவரின் பேனாவும் சேர்ந்து ஓடும். வாசிக்கிற எனக்கு மூச்சு வாங்கும்.

அவனுக்கு ஒரு கூட்டாளி உண்டு. பெயர் நரியன். மெலிந்த, வாயாடித் திருடன். உறுமன் பேசாததையெல்லாம் சேர்த்து அவன் பேசுவான். இருவரும் ஒரு ரொட்டியைப் பிய்த்துத் தின்றுகொண்டு பாலைவனம் தாண்டும் அத்தியாயத்தை நான் எத்தனை தடவை வாசித்திருப்பேன் என்று சொல்ல முடியாது.

காய்ச்சல் வருடம்

புத்தகம் வீட்டுக்கு வந்த நேரம் நல்ல நேரமல்ல.

மலேரியாக் காய்ச்சல் வீடு வீடாக வந்த வருடம் அது. கொயினா மருந்தின் கசப்பு எல்லோர் வாயிலும் இருந்தது. என் கணவரின் ஒரே தங்கை ஸபிய்யாவின் மாப்பிள்ளை ஹனீபா, கட்டுகஸ்தோட்டையில் சில்லறைக் கடை ஒன்று வைத்திருந்தவர். அந்தக் காய்ச்சலில் மௌத்தானார். கல்யாணம் செய்து இரண்டு வருடம்கூட முழுதாக ஆகவில்லை. பிள்ளை இல்லை.

வாடகை வீட்டை விட்டுக் கொடுத்துவிட்டு ஸபிய்யா எங்கள் வீட்டுக்கு வந்து இத்தா இருந்தாள். கணவனை இழந்த பெண் நான்கு மாதமும் பத்து நாளும் வெளியே போகாமல், அலங்காரம் இல்லாமல், அந்நிய ஆண்கள் கண்ணில் படாமல் இருக்கும் காலம்தான் இத்தா. உள் அறையில் பாய் விரித்து, வாசலுக்கு வெள்ளைத் திரை கட்டினோம்.

ஸபிய்யாவை அதற்கு முன் பார்த்தவர்கள், அந்த அறையில் இருந்தது அவள்தான் என்றால் நம்பமாட்டார்கள். கதைக்கத் தொடங்கினால் அடுப்பில் பால் பொங்கினாலும் கவனிக்காத பெண். இப்போது சுவரைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தாள். அழவும் இல்லை. அதுதான் எங்களைப் பயப்படுத்தியது. என் மாமி, அவளைப் பெற்றவர், கோப்பையில் கஞ்சியை வைத்துக்கொண்டு, "ஒரு வாய் குடிங்க மகள்" என்று கெஞ்சுவார். கஞ்சி ஆறி ஆடை படரும் வரை கெஞ்சுவார்.

நான் அவளுக்காக அந்தப் புத்தகத்தை வாசிக்கத் தொடங்கவில்லை. உண்மையைச் சொல்லவேண்டும். என் கைக்குழந்தை அந்த அறையின் தொட்டிலில்தான் தூங்கும். பின்னேரம் அஸர் தொழுத பிறகு தொட்டிலை ஆட்டிக்கொண்டு வாய்விட்டு வாசிப்பது எனக்குப் பழக்கம். சத்தம் நின்றால் பிள்ளை விழித்துவிடும்.

ஒருநாள் உறுமன் ஒரு ராட்சதக் குரங்கோடு மல்லுக்கட்டும்போது பிள்ளை தூங்கிவிட்டது. நான் புத்தகத்தை மூடினேன்.

"குரங்கு என்ன ஆகிச்சி, மச்சி?"

அண்ணன் மனைவியை எங்கள் பக்கத்தில் மச்சி என்பார்கள். கேட்டவள் ஸபிய்யா. முகம் இன்னும் சுவர்ப் பக்கம்தான். நான் அவசரமாக மறுபடியும் பக்கத்தைத் தேடினேன்.

பனி என்றால் என்ன?

பிறகு ஜெய்னம்பு வந்தாள். ஜெய்னம்புவுக்குத் தெரிந்தால் ஒழுங்கைக்கே தெரிந்த மாதிரி. அஸருக்குப் பிறகு பெண்கள் பாயோடு வந்து இடம் பிடிக்கத் தொடங்கினார்கள். மாமி முதலில் முறைத்தார். ஸபிய்யா கேட்டுக்கொண்டே அரைக் கோப்பைக் கஞ்சி குடித்ததைக் கண்டதும், வருகிறவர்களுக்கெல்லாம் தன் கையாலேயே பால் விடாத பிளேன்டித் தேநீர் ஊற்றினார்.

கதையில் பனிமலை வரும்போதெல்லாம் தகராறு. எங்களில் யாரும் பனி விழுந்து கண்டதில்லை.

"நுவரெலியாவுல புல்லுல வெள்ளையா படியுமாமே, அதுதான்" என்றாள் ஒருத்தி.

"இல்ல. கண்டியில கல்யாண வீட்டுக்கு மரத்தூள் போட்டு ஐஸ் கட்டி கொண்டு வாறாங்களே, அது" என்றாள் ஜெய்னம்பு. "அதுல ஒரு மல. அதுக்கு மேல இவன் வெறும் காலோட நடக்கிறான்."

"வெறும் காலோடயா?"

"அதுதான் உறுமன்!"

அவ்வளவு பெருமை அவளுக்கு. சொந்த மகன் பரீட்சை பாஸ் பண்ணிய மாதிரி.

பிறகு நரியன் செத்துப்போகும் அத்தியாயம் வந்தது. சர்ப்பகேதுவின் ஆட்கள் எய்த நஞ்சம்பு உறுமனுக்கு வந்தது. குறுக்கே பாய்ந்த நரியன் அதை வாங்கிக்கொள்கிறான். வாயாடி, கடைசியில் ஒரு சொல்கூடச் சொல்லாமல் விழுகிறான். ஸபிய்யா மறுபடியும் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டாள். அன்றைக்குக் கஞ்சி அப்படியே திரும்பி வந்தது.

எல்லாம் கெட்டுவிட்டது என்று நினைத்தேன். மறுநாள் அஸருக்குப் பிறகு தொட்டிலை ஆட்டிக்கொண்டு சும்மா உட்கார்ந்திருந்தேன்.

"வாசிங்க" என்றாள் அவள்.

ஹாஜியாரின் கவலை

ஹனீபாவின் மூத்த சகோதரரை எல்லோரும் பெரிய ஹாஜியார் என்பார்கள். கண்டியில் புடைவைக் கடை. ஐம்பது வயது, மனைவி இறந்தவர், வளர்ந்த பிள்ளைகள். கெட்ட மனிதர் அல்ல. தம்பி போன பிறகு எங்கள் வீட்டுக்கு அரிசியும் சீனியும் தவறாமல் அனுப்பினார். அது வெறும் அனுதாபம் மட்டுமல்ல என்பது மாமிக்கு விளங்கியிருந்தது. இத்தாவில் இருக்கும் பெண்ணிடம் வெளிப்படையாகக் கல்யாணம் பேசக்கூடாது. ஹாஜியார் மார்க்கம் தெரிந்தவர். பேசவில்லை. அரிசி மட்டும் வந்துகொண்டிருந்தது.

அவருடைய காதுக்கு உறுமன் எட்டிவிட்டான். ஒருநாள் முன் விறாந்தைக் கதிரையில் அமர்ந்து, என் கணவரிடம் சொன்னார்.

"தம்பி, மௌத்து நடந்த வீட்ல சூனியக்காரன் கதையும் வெட்டுக் குத்தும் வாசிக்கிறதாமே. ஊர் என்ன பேசும்? அந்தப் புள்ள நாளக்கி ஒரு குடும்பத்துக்குப் போக வேண்டியவ."

என் கணவர் பஸ்ஸில் யாருக்கும் அடங்காதவர். பெரியவர்களுக்கு முன் மட்டும் வாய் வராது. அண்ணன் முறையானவரை நானா என்பது எங்கள் வழக்கம். "பாக்கிறேன், நானா" என்று சொல்லி அனுப்பிவிட்டு, நேராகப் பள்ளிவாசல் லெப்பையிடம் போனார். லெப்பை ஒரு நிமிடம் தாடியைத் தடவிவிட்டுச் சொன்னாராம்: "இத்தாவுல அத்தர் பூசக் கூடாது, வெளியில போகக் கூடாது. காத மூடச் சொல்லி எங்கயும் இல்ல."

அந்தப் பதிலோடு திரும்பி வந்தவர் என்னிடம், "வாசி. ஆனா கொஞ்சம் மெதுவா" என்றார்.

மெதுவாக வாசிக்கலாம். ஜெய்னம்புவை எப்படி மெதுவாக்குவது?

திரைக்கு அந்தப் பக்கம்

இப்போது அந்த மழைக்குத் திரும்புகிறேன்.

வந்தவள் பெயர் மரகதம். ஹேவாஹெட்டப் பக்கத்துத் தேயிலைத் தோட்டமொன்றின் ஆஸ்பத்திரியில் மருத்துவச்சி. வத்துகாமத்தில் இருக்கும் அக்காவைப் பார்க்க வந்தபோது பஸ்ஸில் புத்தகத்தை விட்டுவிட்டாள். எந்த பஸ் என்று தெரியவில்லை. லீவு கிடைக்கும்போதெல்லாம் கண்டிக்கு வந்து, ஒவ்வொரு பஸ்ஸாகக் கேட்டு, கடைசியில் என் கணவரிடம் வந்து சேர்ந்திருக்கிறாள்.

கதிரையில் உட்காரச் சொன்னேன். உட்காரவில்லை.

"எனக்காகக் கேக்கலைங்க. புள்ளை பெத்தவங்க வார்ட்டுல தெனமும் வாசிச்சுக் காட்டுவேன். காய்ச்ச வேற. அதுங்களுக்குப் படுத்துக்கிட்டு வேற என்ன இருக்கு? பாதியில தொலைச்சுட்டேன். நரியனுக்கு அம்பு பட்டுச்சே, அவன் பொழச்சானா இல்லையான்னு கேட்டுக் கேட்டு என்னைக் கொல்றாங்க."

"மௌத்தாகிட்டான்."

குரல் திரைக்குப் பின்னாலிருந்து வந்தது. நானும் மாமியும் ஒருவரையொருவர் பார்த்தோம். இத்தா இருக்கும் பெண் பிற சமயப் பெண்கள் முன்பும் வரக்கூடாது என்று எங்கள் பக்கத்தில் அப்போது ஒரு வழக்கம். மார்க்கத்தில் அப்படி இருக்கிறதா என்று எனக்குத் தெரியாது. மாமி அதைக் கடுமையாகப் பிடித்தவர். ஆனால் குரலுக்கு யார் திரை கட்ட முடியும்?

"நரியன் மௌத்தாகிட்டான். அவங்களுக்குச் சொல்லுங்க" என்றாள் ஸபிய்யா. "ஆனா அத எழுதின மனிசனுக்கு வெக்கமில்ல."

மரகதம் திரையைப் பார்த்துத் திரும்பினாள். "ஏங்க அப்படிச் சொல்றீங்க?"

"கூட்டாளி மௌத்தாகிறான். அடுத்த பக்கத்துல இவன் சத்திரத்துல குந்தி ஆட்டுத் தொட தின்னுறான். அவ்வளவு பெரிய வீரன், நெஞ்சுன்டு ஒன்டு இல்லயா?"

"அவன் காட்டு மனுசன்ங்க. அழத் தெரியாது."

"காட்டு மனிசனுக்கும் தெரியும். எழுதினவனுக்குத்தான் தெரியல்ல."

"சண்டையை எவ்வளவு நல்லா எழுதியிருக்காரு! அதைச் சொல்ல மாட்டேங்கிறீங்களே."

"அது நல்லம்தான். அதுக்காகத்தானே கேட்டுக்கிட்டு ஈக்கிறோம்."

இரண்டு பேரும் ஒருவர் முகத்தை ஒருவர் பார்க்காமல், ஒரு வெள்ளைத் துணியின் இரண்டு பக்கமும் நின்று சண்டை பிடித்தார்கள். மாமி தடுக்க வாயெடுத்தார். பிறகு மூடிக்கொண்டார். இத்தனை வாரங்களில் மகள் இவ்வளவு பேசி அவர் கேட்கவில்லை. முந்தானையால் கண்ணைத் துடைத்துக்கொண்டு அடுப்படிக்குப் போனார்.

பேச்சு ஓய்ந்ததும் ஸபிய்யா சொன்னாள்: "மச்சி, பொஸ்தகத்தக் குடுங்க. அது அவங்கட சாமான்."

உள்ளே பெண்கள் கூக்குரலிட்டார்கள். ஜெய்னம்பு புத்தகத்தின் மேலேயே உட்கார்ந்துவிட்டாள் என்று நினைக்கிறேன். மரகதத்துக்குச் சிரிப்பு வந்தது. "பஸ் வர்ற வரைக்கும் வாசிங்க. நானும் கேக்குறேன்" என்று திரைக்கு வெளியே தரையில் அமர்ந்தாள். நான் திரை ஓரமாக உட்கார்ந்து, இரண்டு பக்கத்துக்கும் கேட்கும்படி வாசித்தேன். உறுமன் சுவரில் விரல்களை ஊன்றி ஊன்றி ஏறினான். சந்தியில் என் கணவர் ஹோர்ன் அடித்தார். பிறகு இன்னும் நீளமாக அடித்தார். பஸ்ஸிலிருந்த சனம் சத்தம் போடுவது மழையையும் தாண்டிக் கேட்டது. உறுமன் உச்சி ஜன்னலை எட்டி, உள்ளே சங்கிலியில் கட்டுண்ட ராணியைக் கண்டான். அத்தியாயம் முடிந்தது.

மரகதம் புத்தகத்தைத் தோல் பைக்குள் வைத்துக்கொண்டு மழையில் ஓடினாள்.

நரியனை அடக்கம் செய்தது யார்?

மறுநாளும் பெண்கள் வந்தார்கள். புத்தகம் இல்லை என்று தெரிந்தும் வந்தார்கள். கால் பழகிவிட்டது.

பிளேன்டி குடித்துவிட்டு எல்லோரும் என்னைப் பார்த்தார்கள். எனக்கு எழுதியதை வாசிக்கத்தான் தெரியும்.

"உறுமன் ஜன்னலுக்குள்ள போகல்ல" என்றாள் ஸபிய்யா. "அவன் கீழ இறங்கிட்டான்."

"எதுக்குடி இறங்கினான்?" ஜெய்னம்பு பதறிப்போனாள். "உள்ளுக்கு ராணி ஈக்காளே!"

"ராணி ஈக்கட்டும். நரியன அடக்கினது யாரு? சொல்லுங்க பாப்பம். அம்பு பட்டு விழுந்தான். பிறகு அவன யாரும் பாக்கல்ல. அவன் அங்கயே கிடக்கிறான்."

நானும் அந்தப் பக்கங்களை மனசுக்குள் புரட்டிப் பார்த்தேன். உண்மைதான். எழுதியவர் நரியனை மறந்துவிட்டிருந்தார்.

ஸபிய்யா உறுமனைத் திரும்ப நடக்கவைத்தாள். வந்த வழியெல்லாம் நடந்து, நரியன் விழுந்த ஆற்றங்கரைக்குப் போகிறான். உடம்பைத் தேடி எடுக்கிறான். தண்ணீர் மொண்டு கழுவுகிறான். அம்பை இழுக்கும்போது, செத்தவனுக்கு நோகுமே என்று மெதுவாக இழுக்கிறான். தன் ஓநாய்த் தோலால் போர்த்துகிறான். மண்ணைத் தோண்ட மண்வெட்டி இல்லை, அதனால் வாளால் தோண்டுகிறான். அத்தனை ராட்சதர்களை வெட்டிய வாள் கல்லில் பட்டு மழுங்கிப்போகிறது. மூடி முடித்துவிட்டு எழும்பப் பார்க்கிறான். எழும்ப முடியவில்லை.

"பொழுது விடிஞ்சிச்சி. அவன் குந்திக்கிட்டே ஈந்தான்" என்றாள் ஸபிய்யா. "பாதி ரொட்டி மடியில ஈந்திச்சி. மத்தப் பாதிய யாருக்குக் குடுக்கிறது?"

எங்கள் பெண்கள் அடக்கம் செய்யும் மையவாடிக்குப் போவதில்லை. ஹனீபாவை வீட்டு வாசலில் தூக்கியபோது ஸபிய்யா பார்த்த அவ்வளவுதான். கழுவியது யார், குழிக்குள் இறக்கியது யார், மண் போட்டது யார், எல்லாம் ஆண்கள் வந்து சொல்லிக் கேட்டது.

அன்றைக்குத்தான் அவள் அழுதாள். குரலெடுத்து அழவில்லை. கண்ணீர் அது பாட்டுக்கு ஓட, கதையை நிறுத்தாமல் சொல்லிக்கொண்டே போனாள். ஜெய்னம்பு முதல் முறையாக வாயைத் திறக்காமல் அவள் காலைப் பிடித்துக்கொண்டிருந்தாள்.

அதன் பிறகு வாரக்கணக்கில் சொன்னாள். அவளுடைய உறுமன் மழுங்கிய வாளோடு கோபுரத்துக்குத் திரும்பினான். அவன் பயந்தான். பயந்துகொண்டே ஏறினான். அதனால் எங்களுக்கு அவனை இன்னும் பிடித்தது. மந்திரவாதியை அவனும் ராணியும் சேர்ந்துதான் வென்றார்கள். பூட்டை உடைத்துவிட்டு, "உங்களத் தூக்கிக்கிட்டுப் போகவா?" என்று கேட்கிறான் உறுமன். "எனக்குக் கால் ஈக்கி" என்கிறாள் ராணி. படிகளில் தானே இறங்கிப் போகிறாள்.

எங்கே இருந்தது இதெல்லாம் அவளுக்குள்? எழுதப் படிக்கத் தெரிந்தவள் என்று என்னைத்தான் ஊர் மெச்சியது. நான் அவளை மெச்சினேன். இன்றும் மெச்சுகிறேன்.

அரிசி திரும்பிப் போனது

இத்தா முடிந்து ஸபிய்யா குளித்து, நிறச் சேலை உடுத்த சில நாட்களில் மரகதம் புத்தகத்தோடு வந்தாள். திரை கழற்றப்பட்டிருந்தது.

"நீங்கதானா அது? நான் பெரிய பொம்பளைன்னுல்ல நெனச்சேன்!" என்றாள்.

"நானும் உங்கள உயரம்ண்டு நினச்சேன்" என்றாள் ஸபிய்யா.

மிச்ச அத்தியாயங்களை ஒரே மூச்சில் வாசித்தோம். நியாயமாகச் சொல்லவேண்டும். சர்ப்பகேதுவோடு நடக்கும் கடைசிச் சண்டையை அந்த மனிதர் எழுதியிருந்த விதத்துக்கு எங்கள் ஸபிய்யாகூட எழுந்து நின்றுவிட்டாள். முடிவுதான் சப்பென்றிருந்தது. உறுமன் ராணியைக் கல்யாணம் கட்டி, கிரீடம் வைத்து, சிம்மாசனத்தில் அமர்கிறான்.

"குனியாத கழுத்துல கிரீடம் எப்பிடி நிக்கும்?" என்றாள் ஜெய்னம்பு. அவள் சொன்னதில் நான் ஒப்புக்கொண்ட ஒரே விஷயம் அது.

அடுத்த வெள்ளிக்கிழமை, ஜும்ஆவுக்குப் பிறகு, ஹாஜியார் வந்தார். இப்போது வெளிப்படையாகப் பேசினார். மரியாதையாகத்தான் பேசினார். வீடு இருக்கிறது, வேலைக்காரி இருக்கிறாள், ஒரு குறையும் வராது. மாமிக்குக் கண்கள் கலங்கின. தான் போன பிறகு மகளுக்கு யார் என்ற பயம் அவரை அரித்துக்கொண்டிருந்தது. என் கணவர் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தார். பெரியவர் முன் வாய் வராத அதே வியாதி.

உள்ளே ஸபிய்யா என் கையைப் பிடித்தாள். பிறகு கதவுக்குப் பின்னால் நின்று, விறாந்தைக்குக் கேட்கும்படி சொன்னாள்.

"நீங்க எனக்கு வாப்பா மாதிரி, பெரிய நானா. அப்பிடித்தான் பாத்து வந்தீக்கி. அத மாத்த எனக்கு ஏலாது. நீங்க செஞ்ச உதவிக்கெல்லாம் அல்லாஹ் பரக்கத் செய்யட்டும்."

ஹாஜியாரின் முகம் சிவந்தது.

"இது கதப் பொஸ்தகம் குடுத்த தைரியமா?"

அப்போதுதான் என் கணவர் தலையை நிமிர்த்தினார். "இல்ல நானா. அவ சின்னதுலயும் இப்பிடித்தான். நடுவுல கொஞ்ச நாள் காணாமப் போயிருந்தா. இப்ப வந்துட்டா."

ஹாஜியார் தொப்பியைச் சரிசெய்துகொண்டு எழுந்தார். அந்த வாரத்து அரிசியையும் சீனியையும் மாமியே ஆளனுப்பித் திருப்பிக் கொடுத்தார். மூன்று நாள் அழுதுவிட்டுத்தான் அனுப்பினார், ஆனாலும் அனுப்பினார்.

ஹேவாஹெட்ட வார்ட்டில்

அன்று ஸபிய்யா சொன்ன கதையையும் கேட்டுக்கொண்டு போன மரகதம், வார்ட்டில் இரண்டு முடிவையும் சொல்லிவிட்டாள். பெண்கள் இரண்டாவதைச் சொன்னவளைக் கூட்டி வரச் சொன்னார்களாம். மாமி உட்பட நாங்கள் மூவரும் போனோம். ஸபிய்யா வீட்டை விட்டுத் தூரம் போனது அதுதான் முதல்.

மலை ஏற ஏறக் குளிர் முகத்தில் அடித்தது. தேயிலைத் தொழிற்சாலையின் பச்சை வாசனை. ஆஸ்பத்திரி ஒரு நீளமான தகரக் கூரைக் கட்டடம். கட்டில்களில் பிள்ளை பெற்ற பெண்கள். சிலர் பக்கத்தில் பிள்ளை, சிலர் காய்ச்சலில் போர்வைக்குள். எல்லோரும் தலைமாட்டில் நிமிர்ந்து உட்கார்ந்து ஸபிய்யாவை, ஏதோ நாடகத்து ஆளைப் பார்ப்பது போலப் பார்த்தார்கள்.

அவள் முதலில் தடுமாறினாள். பிறகு உறுமன் காவல்காரனிடம் கழுத்தைப் பற்றிச் சொல்லும் இடம் வந்ததும் சிரிப்பு எழுந்தது. அதன் பிறகு அவளை நிறுத்த முடியவில்லை.

கடைசிக் கட்டிலில் ஒரு பெண் மறுபக்கம் திரும்பிப் படுத்திருந்தாள். அவளுடைய பிள்ளை பிறந்ததும் இறந்துவிட்டது என்று மரகதம் என் காதில் சொன்னாள். கதை ஆற்றங்கரைக்கு வந்து, உறுமன் வாளால் மண் தோண்டத் தொடங்கியபோது, அந்தப் பெண் மெல்லத் திரும்பினாள். எல்லாம் கேட்டு முடித்த பிறகு முழங்கையை ஊன்றி எழுந்தாள்.

"அந்தக் கூட்டாளிக்காரன் பேரு என்னங்க? நான் மொதல்ல கவனிக்கல."

நரியன் என்று சொல்ல வாயெடுத்தேன். ஸபிய்யா முந்திக்கொண்டாள்.

"ஹனீபா" என்றாள்.

அந்தக் காலத்தில் எங்கள் பெண்கள் புருஷன் பேரைச் சொல்லமாட்டார்கள். உயிரோடு இருந்தபோதும் அவள் சொன்னதில்லை. இறந்த பிறகும் என் முன்னால் சொன்னதில்லை. மாமி என் தோளைப் பிடித்துக்கொண்டார். மரகதம் எங்கள் முகங்களைப் பார்த்துப் புரிந்துகொண்டாள்.

அந்தப் பெண் கையை நீட்டினாள். ஸபிய்யா போய்க் கட்டிலில் அமர்ந்து அந்தக் கையைப் பிடித்துக்கொண்டு மிச்சக் கதையைச் சொன்னாள்.

சில வருடங்களுக்குப் பிறகு குண்டசாலையில் தச்சு வேலை செய்த ஒருவரை ஸபிய்யா கல்யாணம் செய்தாள். பார்த்து, விசாரித்து, அவளே சரி சொன்ன மாப்பிள்ளை. அதிகம் பேசாதவர். மூன்று பிள்ளைகள். நான் போயிருந்த ஒரு பெருநாள் பின்னேரம், பிள்ளைகள் கதை கேட்டு அடம்பிடித்தார்கள். ஸபிய்யா அடுப்படியில் வேலையாக இருந்தாள். அவர் உளியைக் கீழே வைத்துவிட்டு, சீவலைத் தட்டிக்கொண்டு, பிள்ளைகள் நடுவே அமர்ந்தார்.

"பனிமலையில உறுமன்டு ஒருத்தன் ஈந்தான்" என்று தொடங்கினார். "அவனுக்கு ஹனீபா நானான்டு ஒரு கூட்டாளி ஈந்தாரு. ரொம்ப நல்ல மனிசர்."